பல்லுக்கு கம்பி க்ளிப்பா, அலைனரா? எங்க வீட்ல ரெண்டும் ஓடுது

என் மகளுக்கு காரைக்குடில கம்பி க்ளிப், அக்கா மகனுக்கு அலைனர், அதாவது பல்லு மேல மாட்டி கழட்டுற, ஒண்ணு மாத்தி ஒண்ணா போடுற பிளாஸ்டிக் ட்ரே. ரெண்டையும் ஒரு வருஷமா கிட்ட இருந்து பாத்துட்டேன், எது நல்லதுன்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன்.

பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி நிக்கல. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு நார் சவ்வு இருக்கு, பல்ல ஒரு பக்கமா மெதுவா தள்ளிக்கிட்டே இருந்தா அழுந்துற பக்கம் ஆஸ்டியோகிளாஸ்ட்ங்கற செல்லு வந்து எலும்ப கரைக்கும், இழுபடுற பக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் புது எலும்பு கட்டும், இப்படியே மாசத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர் நகரும். மகளுக்கு முன்பல்லு நாக்கால தள்ளினாலே லேசா ஆடுச்சு, பயந்துட்டேன், அந்த சவ்வு அகலமாகுறதால வர்ற ஆட்டம்தானாம். தள்ளுறது கம்பியா பிளாஸ்டிக்கான்னு எலும்புக்கு தெரியாது.

"நல்லா இறுக்கச் சொல்லுடி, சீக்கிரம் முடியும்"னு அப்பத்தா சொன்னாங்க. பல பேரு நினைப்பும் அதான், ஆனா தப்பு. ரொம்ப அழுத்தினா சவ்வுல ரத்த ஓட்டம் நின்னு அந்த இடமே செத்துரும், எலும்பு உள்பக்கத்துல இருந்து குடைஞ்சு வர்ற வரைக்கும் பல்லு வாரக்கணக்கா நகராது, வேர் நுனி தேயுற ரிஸ்க் வேற. நுண்ணிய ரத்தக்குழாய நசுக்காத அளவு விசைதான் சரின்னு ஷ்வார்ஸ்ங்கற பல் சீரமைப்பு டாக்டர் 1932லயே சொல்லிட்டார்.

அதுக்கு நிக்கல் டைட்டானியம் கம்பி அருமையா ஒத்துவரும். வளைச்சு மாட்டினா பழைய வடிவத்துக்கு திரும்பப் பாத்துக்கிட்டே வாரக்கணக்கா மெல்ல தள்ளும், கழட்டவும் முடியாது. அலைனர்ல ஒரு ட்ரேக்கு கால் மில்லிமீட்டர் மாதிரிதான் நகத்துவாங்க, ஆனா ஒரு நாளைக்கு 20-22 மணி நேரம் வாயில இருக்கணும். அக்கா மகன் கல்யாண வீட்ல பலகாரம் சாப்பிட கழட்டினவன் மூணு நாள் சரியாவே போடல, அப்புறம் ட்ரே உக்காரவே இல்ல, கோரைப்பல்லுக்கும் ட்ரேக்கும் நடுவுல நகம் போற அளவு இடைவெளி. தள்ளுற விசை இல்லேன்னா பல்லு பழைய இடத்துக்கே போக ஆரம்பிச்சுரும், பழைய ட்ரேய எடுத்து மறுபடி போட வேண்டியதாப்போச்சு.

பல்லு தேய்க்கிறதுல அலைனர்தான் சுகம், அத ஒத்துக்கிறேன். மகளுக்கு கம்பிக்கு அடியில பிரஷ் போகாது, சீப்புச்சீடை கடிச்சு கம்பிய பிடிக்க பல்லுல ஒட்டியிருந்த ஒரு பிராக்கெட் கையோட வந்துருச்சு, இப்ப அவளுக்கு கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும்தான். ஆனா திருகிக்கிட்டு நிக்கிற கோரைப்பல்ல திருப்புறதுக்கு வழவழ பிளாஸ்டிக்குக்கு பிடிமானம் பத்தாது, கம்பி பிடிச்சு திருப்பும்.

என் முடிவு: ஸ்கூல் பிள்ளைக்கு க்ளிப் போடுங்க. லேசான கோணல், சொன்ன நேரம் விடாம போடுற பெரியவங்கன்னா அலைனர். எது போட்டாலும் கழட்டினப்புறம் பல்ல புது இடத்துலயே பிடிச்சு வைக்கிற ரிட்டைனர் கட்டாயம், ஏன்னா ஈறுல இருக்குற மீள் நார்கள் புது இடத்துக்கு பழகவே ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பழைய இடத்துக்கு இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.