18,500 டாலரும் இரண்டு அசல் கதவுகளும் போயின: பழைய டிராக் ரேஸ் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பழைய கார்களின் பாடி வேலைக்குப் பெயர் பெற்ற ஒரு பட்டறை என்னிடம் 18,500 டாலர் வாங்கிக்கொண்டது. என்னுடைய 1968ஆம் ஆண்டு ஹெமி டார்ட் பந்தயக் காரின் இரண்டு அசல் கதவுகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு சாதாரண டார்ட்டிலிருந்து கழற்றிய கதவுகளுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் (பெயிண்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்து எனக்கு அனுப்பியிருக்கிறது. சென்ற வாரம் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. மிச்சிகனுக்கு அண்டை மாநிலம் ஒன்றில், அறுபதுகளின் மஸில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய அமெரிக்கக் கார்களை, மட்டுமே எடுத்துச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் பட்டறை அது. இத்தகைய கார் வைத்திருக்கும் மற்றவர்கள் எப்படிப் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கதவு போனதற்கு இவ்வளவு புலம்பலா என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கார் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். 1968இல் கிரைஸ்லர் நிறுவனம் நேர்ப்பாதையில் குறுகிய தூரம் பாயும் டிராக் பந்தயத்துக்கென்றே ஏறத்தாழ எண்பது டாட்ஜ் டார்ட்களை ஹர்ஸ்ட் நிறுவனத்தின் மூலம் தயாரித்து விற்றது. சிறிய டார்ட் உடலுக்குள் ஹெமி எனப்படும், அரைக்கோள வடிவ எரியறை கொண்ட 426 கன அங்குல எஞ்சினைத் திணித்து, அதன் மேல் இரண்டு ஹோலி கார்புரேட்டர்களை ஏற்றினார்கள். எடையைக் குறைப்பதற்காக முன் மட்கார்டுகளையும் பானெட்டையும் ஃபைபர் கிளாஸில் செய்தார்கள், பின் சீட்டை நீக்கினார்கள், ரேடியோவையும் ஹீட்டரையும் விட்டுவிட்டார்கள், பேட்டரியை டிக்கிக்கு மாற்றினார்கள். பக்கக் கண்ணாடிகள் கார்னிங் நிறுவனம் செய்த, வேதிமுறையில் வலுவூட்டிய மெல்லிய கண்ணாடிகள். அவற்றை ஏற்றி இறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு பட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். உடலுக்குப் பெயிண்ட்கூட அடிக்காமல் பிரைமரோடு கொடுத்தார்கள். உத்தரவாதமும் இல்லை, பொதுச்சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்ற அறிவிப்பும் காரிலேயே ஒட்டப்பட்டிருந்தது.

கதவுகள் எஃகுதான். ஆனால் அவற்றை அமிலத்தில் முக்கித் தகட்டை இரு பக்கமும் அரிக்கவிட்டு மெலிதாக்கியிருந்தார்கள். பந்தயத்தில் ஓடிய காரில் எஞ்சின் வெடித்தால் வேறு பிளாக் வைத்துவிடுவார்கள், ஃபைபர் பானெட் உடைந்தால் புதிதாக ஒன்றை மாட்டிவிடுவார்கள். அத்தனை ஆண்டுகள் அடிபட்ட பிறகும் என் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மிஞ்சியிருந்தவற்றில் முக்கியமானவை அந்த இரண்டு கதவுகள்தான். சாதாரண டார்ட்டை வாங்கி ஹெமி டார்ட் போல மாற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிலையில், என் காரை அசல் என்று காட்டுவதற்கு அந்தத் தகட்டின் மெல்லிய தன்மை ஒரு பெரிய சாட்சி.

பட்டறைக்கு நானே காரோட்டிச் சென்று கதவுகளைக் காட்டினேன். தலைமை மேஸ்திரி என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் அறுபதைக் கடந்தவர், நிதானமாகப் பேசுபவர். கதவை மேசை மேல் சாய்த்து வைத்து விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். காலி டின்னைத் தட்டியது போன்ற மெல்லிய ஓசை வந்தது. உடனே நிமிர்ந்து, “இது அமிலத்தில் முக்கிய கதவு. மணலை வீசித் துருவெடுத்தால் தகடு நெளிந்துவிடும். ரசாயனம் தடவி, பழைய பெயிண்ட்டைக் கையாலேயே உரிக்க வேண்டும். வேறு யாரையும் தொடவிட மாட்டேன்” என்றார். நான் கேட்க நினைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் கேட்பதற்கு முன்பே பதில் சொன்ன மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கதவுகள், கீல்கள், முன் மட்கார்டுகளைப் பொருத்திச் சரிபார்க்கும் வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,500 டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாதியை அன்றே கொடுத்தேன். மீதியை வேலை பாதி முடிந்தது என்று சொன்னபோது அனுப்பினேன். கதவுகளைக் கொடுத்த அன்று பட்டறையிலேயே இரண்டையும் தராசில் வைத்து, எடை தெரியும்படி மேஸ்திரி முன்னிலையில் படமும் எடுத்தேன். அதற்கு அவர், “இப்படித்தான் செய்ய வேண்டும்” என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

மீதிப் பணம் போய்ச் சேர்ந்ததும் பேச்சு மாறியது. தொலைபேசியை எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர். பிரைமர் வரத் தாமதம் என்றார்கள். பிறகு பெயிண்ட் அறையில் பழுது என்றார்கள். வேலையின் படங்களைக் கேட்டால் இன்று மாலைக்குள் அனுப்புகிறோம் என்றார்கள், அந்த மாலை வரவே இல்லை. ஒருநாள் மேஸ்திரியிடமே பேச வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றபோது, அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது என்று அலுவலகப் பெண் சாதாரணமாகச் சொன்னார். என் கதவுகளை யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். “எங்கள் ஆட்கள் எல்லோரும் திறமையானவர்கள் சார்” என்பதுதான் பதில்.

கடைசியில் கதவுகள் வந்தன. பெட்டியிலிருந்து தூக்கும்போதே கை உணர்ந்துவிட்டது. தராசில் வைத்தால் ஒவ்வொரு கதவும் பழைய எடையைவிடப் பத்துப் பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. பட்டியை அள்ளி அப்பியிருப்பார்களோ என்று காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இறுக்கமாக ஒட்டியது, பட்டி இல்லை. உட்புறத் திறப்பு வழியாகக் கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் செலுத்திப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. வெளித்தகட்டின் உட்பக்கம் முழுவதும் தொழிற்சாலையில் அடித்த பச்சைப் பெயிண்ட் இருந்தது. அதன் நடுவில், உள்ளங்கை அகலத்தில், ஓரம் வெடித்துச் சுருண்ட கறுப்புத் தார் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஓசையைக் குறைக்கச் சாதாரணக் கார்களின் கதவுக்குள் ஒட்டும் அட்டை அது. எடையைக் குறைப்பதற்காக இந்தப் பந்தயக் கார்களில் அப்படிப்பட்ட எதையுமே தொழிற்சாலையில் ஒட்டவில்லை. அதைச் சுரண்டி எடுக்கும் சிரமத்தைக்கூட இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. திறந்து பார்க்கத் தெரியாதவன் என்று என்னை நினைத்திருக்கிறார்கள்.

உரிமையாளரைப் பிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. நீங்கள் கொடுத்த கதவுகள்தாம் இவை என்றார். எடைப் படங்களை அனுப்பினேன். தராசு தவறாக இருந்திருக்கும் என்றார். அது அவருடைய பட்டறைத் தராசு. பச்சைப் பெயிண்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அமிலத்தில் முக்கிய கதவு என்பதெல்லாம் சேகரிப்பாளர்கள் கட்டிவிடும் கதை என்று சிரித்தார். அவருடைய மேஸ்திரி என் முன்னால் தட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. 18,500 டாலரைத் திருப்பிக் கேட்டபோது, வேலை முடிந்து பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, கணக்கு முடிந்தது என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. பணத்தையாவது நான் இன்னும் சில ஆண்டுகள் உழைத்து மீட்டுவிடலாம். அந்தக் கதவுகளை இனி யாரும் செய்து தர முடியாது. மெல்லிய தகட்டில் புதிதாக ஒன்றைச் செய்து மாட்டினால் எடை சரியாக இருக்கும். ஆனால் அது 1968இல் செய்யப்பட்ட கதவு ஆகிவிடாது.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கும் போடப் போகிறேன்.

பாதுகாப்பு வழிகளைக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. அசல் பாகத்தைக் கையை விட்டு அனுப்பும் முன், கண்ணுக்குத் தெரியாத உட்புற இடம் ஒன்றில் உங்கள் அடையாளத்தைப் பொறியுங்கள். பாகத்தின் எடையையும் தகட்டின் தடிமனையும் ஒப்பந்தத்திலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வேலை நடக்கும்போது நேரில் வந்து பார்க்க அனுமதிக்காத பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல மேஸ்திரியைப் பார்த்துக் கொடுத்தால், அவரே செய்வார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கதவுகளை யாரிடமாவது விற்கத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ் மடிப்பில், உட்புறம், பழைய பந்தயக்காரர் போட்ட மூன்று ரிவெட் துளைகள் வரிசையாக இருக்கும். பயணி பக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு விரிசலைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். உட்பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் கோடாகத் தெரியும். இந்த அடையாளங்களோடு ஒரு ஜோடி மெல்லிய டார்ட் கதவுகள் எந்தக் கார் சந்தையிலோ இணைய விற்பனையிலோ வந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள். விற்பவரின் விவரத்தோடு படம் எடுத்து எனக்கு உடனே அனுப்புங்கள்.