வேலூர் வெயிலைத் தாங்கும் ஃபெம்டோ விநாடி லேசர் எது?

காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஃபெம்டோ விநாடி (விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துடிப்புகளைத் தரும் எர்பியம் ஃபைபர் லேசர், அதாவது எர்பியம் கலந்த கண்ணாடி இழையால் ஆன லேசர் அமைக்க விரும்புவோர், ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக ஒருங்கிணைக்கும் மோட் லாக்கிங்கை எந்த வழியில் நிகழ்த்துவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். 1550 நானோமீட்டரில் இயங்கும் எர்பியத்துக்கு வேண்டிய 980 நானோமீட்டர் பம்ப் டயோடு (ஆற்றல் ஊட்டும் ஒளிமூலம்), கப்ளர் (ஒளியைப் பிரித்துச் சேர்ப்பது), ஐசொலேட்டர் (ஒளியை ஒரே திசையில் விடுவது) ஆகியவை தொலைத்தொடர்புத் துறையின் புண்ணியத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. மோட் லாக்கிங்குக்காக வலுவான ஒளியைக் கடத்தி, வலுவற்ற ஒளியை வடிகட்டும் உறுப்பைத் தேர்வதில்தான் சிக்கல்.

செலவு குறைந்தது தளவிளைவுச் சுழற்சி முறை (தளவிளைவு என்பது ஒளியலை அதிரும் திசை). செறிவுக்கேற்ப இழையின் ஒளிவிலகல் எண் மாறுவதால், துடிப்பின் உச்சியும் ஓரங்களும் வெவ்வேறு தளவிளைவு நிலையை அடைகின்றன. உச்சியை மட்டும் கடக்கவிட்டால் சுற்றுக்குச் சுற்று துடிப்பு ஒடுங்கி, 100 ஃபெம்டோ விநாடிக்கும் கீழே இறங்கும். 2 நானோஜூல் ஆற்றல் 100 ஃபெம்டோ விநாடிக்குள் அடங்கினால் உச்சத் திறன் ஏறத்தாழ 20 கிலோவாட் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால், சாதாரண இழையின் இரட்டை ஒளிவிலகல் (அதிரும் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் வேறுபடுவது) வெப்பத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப மாறும். 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி வெயிலில் ஏசி நின்று அறை சூடேறினால், காலையில் பேடில்களை (இழையை முறுக்கித் தளவிளைவைச் சரிசெய்யும் தட்டுகளை) திருகிப் பெற்ற நிலை பிற்பகலில் நிலைக்காது. ஆஸிலோஸ்கோப்பில் சீப்புப் பற்களைப்போல் சீராக நின்ற துடிப்பு வரிசை கலைந்து, வெறும் இரைச்சல் மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது வழி, இயற்பியலாளர் உர்சுலா கெல்லர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய குறைக்கடத்திக் கண்ணாடி. வலுவற்ற ஒளியை விழுங்கி வலுவானதைப் பிரதிபலிக்கும் இது, பம்பைக் கூட்டியதும் தானாகவே துடிப்பைத் தொடங்கிவிடும். எனினும், அது பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரம் பிகோ விநாடி (ஆயிரம் ஃபெம்டோ விநாடி) அளவிலானது. ஒளி குவிந்து விழும் இடமும் காலப்போக்கில் பழுதாகக்கூடும்.

என் தேர்வு மூன்றாவதான பெருக்கிக் கண்ணி முறை, அதாவது ஒளிபெருக்கி பொருத்திய இழை வளையம். கண்ணிக்குள் எதிரெதிராகச் செல்லும் இரு ஒளிக்கற்றைகளில் ஒன்று முன்னதாகவும் மற்றொன்று பின்னதாகவும் பெருக்கம் பெறுவதால் அவற்றின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) வேறுபடுகிறது. அவை குறுக்கிடுகையில் செறிந்த துடிப்பு மட்டும் தடையின்றி வெளியேறுகிறது. தளவிளைவைக் காக்கும் (ஒளியின் அதிர்வுத் திசையை மாறாமல் வைத்திருக்கும்) இழையிலேயே முழுவதையும் கட்டலாம் என்பதால் அறையின் சூடு மோட் லாக்கிங்கை எளிதில் குலைப்பதில்லை. 50 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வீதம் மட்டும் டிகிரிக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் நகரும். தானாகத் தொடங்குவதற்குக் கட்டத்தை முன்கூட்டியே சாய்த்து வைக்கும் உறுப்பும் தேவை. இழைகளை அச்சுப் பிசகாமல் ஒட்டுவதற்கான ஸ்ப்ளைசர் என்னும் கருவி விலை கூடியதுதான். ஆயினும் அதில் சிக்கனம் பார்க்கலாகாது, ஏனெனில் சில டிகிரி பிசகினாலும் ஒளியின் ஒரு பகுதி மறு அச்சில் கசிந்து, முதன்மைத் துடிப்பின் அருகே துணைத் துடிப்புகளை உண்டாக்கும்.