போஞ்சியின் அடித்தண்டு அழுகலுக்கு லேபல் இல்லாத போத்தலை வாங்கி ஏமாந்தேன்

இலங்கை மலையகத்தில் வெலிமடைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் போஞ்சி போட்டிருந்தேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்து, இடையிடையே வெயிலும் சுட்ட நாட்களில், கொடி கம்பைப் பிடிக்கும் பருவத்துச் செடிகள் ஆங்காங்கே மஞ்சளித்துத் தொங்கின. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு டவுனில் உள்ள மருந்துக்கடைக்குப் போனேன். முதலாளி அதன் இலையைத்தான் பார்த்தார். அடித்தண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது பக்டீரியா வாடல் தம்பி, இதை ஊற்று, கோழி எருவையும் அடியில் அணைத்துவிடு" என்று சொல்லி, பெரிய கேனிலிருந்து ஊற்றி வைத்திருந்த ஒரு பழைய போத்தலை 3,800 ரூபாய்க்குத் தந்தார். அதில் லேபல் இல்லை. பில் கேட்டதற்கு, துண்டுத் தாளில் 'மருந்து' என்று மட்டும் எழுதித் தந்தார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் பாத்திகளில் பாதி போயிற்று. பிறகு வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர், நான் அணைத்திருந்த உமி கலந்த எருவைப் பேனாக்கத்தியால் விலக்கிக் காட்டினார். மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகி உள்வாங்கியிருந்தது. அதைச் சுற்றிப் பஞ்சைப் பிரித்து ஒட்டியதுபோல வெள்ளை நூல்கள் விசிறியாகப் பரவியிருந்தன. அவற்றின் நடுவே தாளிக்கும் கடுகைப்போல உருண்டைகள், சில வெள்ளையாகவும் சில பழுப்பாகவும் இருந்தன. ஸ்கிளிரோசியம் ரொல்ப்சி என்னும் பூஞ்சணத்தின் உறங்கும் வித்துகள் இவையே என்றும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்றும் அவர் சொன்னார். வெப்பமும் ஈரமும் புளித்த (அமிலத்தன்மையுள்ள) மண்ணும் அதற்கு உகந்தவை. மட்காத எருவும் சருகும் அதற்குத் தீனி. அந்தத் தீனியைத்தான் காசு கொடுத்து வாங்கி, நானே செடியின் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறேன்.

பக்டீரியா வாடல் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியவற்றையே அதிகம் தாக்கும். சந்தேகம் வந்தால், வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் அது பக்டீரியா. என் செடியில் நீர் தெளிவாகவே இருந்தது. ஐந்து நிமிட வேலை, கடைக்குப் போகுமுன்பே செய்திருக்கலாம்.

அவர் சொன்னபடி, நோய் கண்ட செடிகளைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி, வழியில் சிந்தாமல் உரப்பையில் போட்டு அப்புறப்படுத்தினேன். எஞ்சியவற்றின் அடியிலிருந்து எருவை விலக்கி, வடிகானை ஆழப்படுத்தினேன். இந்தப் பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும் என்பதால், அறுவடைக்குப் பின் மிச்சங்களை அரை அடிக்கும் கீழே புரட்டிப் புதைப்பது பயன் தரும். மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் இடுவதும், நன்கு மட்கிய கூட்டெருவில் ட்ரைகொடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து நடுவதற்கு முன்பே இடுவதும், அடுத்த போகம் சோளம் போடுவதும் அவர் தந்த மற்ற யோசனைகள். பலர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் கார்பென்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி இதற்குச் சரிவராது; டெபுகொனசோல் என்ற பூஞ்சணக்கொல்லி அடக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே, உங்கள் பயிருக்கு லேபலில் பரிந்துரை இருந்தால் மட்டும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்தையே விற்கலாம். பதிவு இலக்கமும் காலாவதித் திகதியும் உள்ள, முத்திரை உடையாத போத்தலை மட்டும் வாங்கி, மருந்தின் பெயர் எழுதிய பில்லையும் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட நினைத்தேன். 'மருந்து' என்று எழுதிய துண்டுத் தாளைத் தவிரக் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. மீண்டும் கடைக்குப் போய்க் கேட்டபோது, முதலாளி மழையைக் குறை சொன்னார்.