கடைக்கு மென்பொருள் செய்விக்கப் போகிறீர்களா? 9 இலட்சம் கொடுத்த என் கதை

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்பவர்கள், கடைக்கென்று மென்பொருள் எழுதுவிக்க நினைத்தால் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள். கம்பனியின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள்.

2023 நடுப்பகுதியில் கெய்சர் வீதியில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். டை கட்டியவர் பேசினார், மெலிந்த பொடியன் ஒருவன் லப்டொப்பில் காட்டினான். எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: ஸ்டொக், கடன் கணக்கு, வெளியூர் வியாபாரிகள் பின்திகதி போட்டுத் தந்துவிட்டுப் போகும் செக்குகளில் எதை எப்போது வங்கியில் போடுவது என்ற விபரம். "எல்லாம் செய்யலாம் அண்ணா, எத்தனையோ கடைக்குச் செய்திருக்கிறோம்" என்றார். அதில் ஒரு கடைக்காரரின் நம்பரையாவது வாங்கியிருக்கலாம். நான் கேட்டது விலையை மட்டும்.

12 இலட்சம், நான்கு தவணை. தவணைகளுக்குத் திகதி மட்டும்தான் எழுதியிருந்தது, எந்தத் தவணைக்கு எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. திகதி வந்தது, என் செக் போனது. அப்படியே மூன்று தவணை, 9 இலட்சம்.

முதல் சிக்கல் துணி ரோலில். எங்களுக்குச் சரக்கு வருவது மீற்றரில், நாங்கள் வெட்டிக் கொடுப்பது யாரில், அதாவது கஜத்தில். 100 மீற்றர் என்றால் 109.36 யார். இவர்களுடைய திரையில் 109 என்று நிற்கிறது, புள்ளிக்குப் பிறகு இருப்பதைக் காணோம். ஒரு ரோலுக்கு ஒரு அடிக்கு மேல் கணக்கில் இல்லை. முந்நூறு ரோல் வைத்திருப்பவன் என்ன செய்வான்? ஸ்டொக் எடுத்த அன்று என் கணக்கப்பிள்ளை கடைப் பொடியனைச் சந்தேகப்பட்டு, அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மென்பொருள்தான் பிழை என்று கண்டுபிடித்தது அவனே, சாதாரண கல்குலேட்டரில்.

எப்போது கேட்டாலும் "தொண்ணூறு வீதம் முடிந்தது" என்பார்கள். ஓகஸ்டிலும் தொண்ணூறு, நவம்பரிலும் தொண்ணூறு. மிச்சம் பத்து வீதம் என்னவென்று கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு வரும்.

அப்புறம் வற் வரி. 2024 ஜனவரி 1 முதல் 15 வீதம் 18 ஆனது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பில்லில் மட்டும் 15 மாறவில்லை. வரி வீதத்தைக் கடைக்காரரே மாற்றும்படி வைக்காமல், நிரலுக்குள்ளேயே (புரோகிராமுக்குள்) இலக்கமாக எழுதிவிட்டிருக்கிறார்கள். மாற்றித் தரச் சொன்னால் "அது மேலதிக வேலை அண்ணா" என்று 60,000 ரூபா கேட்டார்கள். ஜனவரி முதல் வாரம் பழைய பில் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தோம்.

ஏன் இவ்வளவு இழுபறி என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் எழுதியவன் அந்த மெலிந்த பொடியன் ஒருவனே. அவன் நவம்பரிலேயே மெல்பேர்ன் போய்விட்டான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு யார்தான் போகவில்லை, அவனில் எனக்குக் கோபமில்லை. அவன் போனதை மறைத்து டிசம்பரில் மூன்றாவது தவணையையும் வாங்கியவர்களில்தான் கோபம். இனிக் காசு இல்லை என்றேன். அடுத்த நாள் காலை கணினியைத் திறந்தால் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. தரவு இருக்கும் சேர்வரும், இணைய முகவரியான டொமைனும் அவர்கள் பெயரில். யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல் முழுக்க உள்ளே. அதை ஒரு எக்செல் ஃபைலாக வாங்க இன்னும் 85,000 கொடுத்தேன்.

மருதானையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் என் மருமகன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பாரி போம் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் 1991இலேயே மென்பொருள் வேலையின் ஆபத்துகளைப் பட்டியல் போட்டபோது, முதல் இடம் கொடுத்தது ஆள் பற்றாக்குறைக்காம். இரண்டாவது, நடக்காத கால அளவும் செலவுக் கணக்கும். "மாமா, உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கு" என்றான். எது பிழையாகப் போகலாம், அதற்கு எவ்வளவு வாய்ப்பு, அப்படிப் போனால் எவ்வளவு நட்டம் என்று எழுதி, வாய்ப்பை நட்டத்தால் பெருக்கிப் பார்க்கச் சொன்னான். பெருக்கிப் பார்த்தேன். நான் பயந்து பயந்து பேரம் பேசிய விலை அந்தப் பட்டியலில் கீழே போனது. கடன் பட்டியல் அடுத்தவன் கையில் இருப்பது உச்சியில் வந்து நின்றது.

இப்போது வேறு ஒருவருடன் தொடங்கியிருக்கிறேன். செக் ஞாபகம் மட்டும், முதல் துண்டு அவ்வளவுதான். எங்கள் உண்மையான செக்குகளைப் போட்டு ஒரு மாதம் கொப்பியோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் காசு. நிரல், அதைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் என் பெயரில் உள்ள கணக்கில், டொமைன் என் பெயரில், வெள்ளிக்கிழமை தோறும் தரவின் பிரதி என் பென் டிரைவில். எழுதுபவர் விலகினால் வேலையைப் பொறுப்பெடுக்க இரண்டாவது ஆள் யார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிரலின் உரிமை எனக்கே என்று எழுத்தில் வாங்கச் சொன்னதும் மருமகன்தான்.

பழைய ஆட்கள் இன்னும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்வி. உங்களிடம் யாராவது லப்டொப்போடு வந்தால் 100 மீற்றர் ரோல் ஒன்றைப் பதியச் சொல்லுங்கள். திரையில் வெறும் 109 யார் என்று வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.