ஃபோமிங் மாஸ்டர்பேட்ச் ஆன்லைன்ல வாங்கறவங்க உஷார், எனக்கு 49,560 ரூவா போச்சு

ஃபோமிங் மாஸ்டர்பேட்ச்னா பிளாஸ்டிக்குள்ள நுரை கட்ட வைக்க கலக்கற குருணை. எனக்கு வந்தது போலின்னு நேத்து ராத்திரிதான் உறுதியாச்சு, இன்னும் தூக்கம் வரல. இஞ்செக்‌ஷன் மோல்டிங் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுல அடிக்கறது) வச்சிருக்கற சின்ன யூனிட்காரங்க யாரா இருந்தாலும் இதைப் படிச்சிடுங்க, எப்படி ஏமாறாம வாங்கறதுன்னு கடைசில சொல்றேன்.

கோயமுத்தூர்ல ரெண்டு மிஷின் ஓட்டறேன். கொத்தனாருங்க பூச்சு வேலைக்கு வச்சிருக்கற மணியாஸ் கட்டை, அதை பிபி (பாலிப்ரோப்பிலீன்) பிளாஸ்டிக்ல அடிச்சுத் தர 12,000 பீஸ் ஆர்டர். கைப்பிடி தடிமன், சாதாரணமா அடிச்சா ஆறும்போது குழி விழுது, வெயிட்டும் 340 கிராம் வருது, நாள் பூரா அதைப் புடிச்சுத் தேய்க்கறவங்க கை என்னத்துக்கு ஆகும். அதான் ஃபோம் பண்ணி அடிக்கலாம்னு முடிவு பண்ணேன். 2 பர்சென்ட் மாஸ்டர்பேட்ச் கலந்தா பிளாஸ்டிக் உருகற பேரல் சூட்டுல அது சிதைஞ்சு கேஸ் விடும், ஷாட்டை, அதாவது ஒரு தடவைக்கு அச்சுக்குள்ள தள்ளற பிளாஸ்டிக்கை, கொஞ்சம் குறைச்சு விட்டா மிச்ச இடத்தை கேஸே தள்ளி நிரப்பிடும், மேல தோல் கெட்டியா இருக்கும், உள்ள பன்னு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். இதுக்குன்னே, கேஸ் முன்னாடியே வெளிய போயிடாம வாயை மூடிக்கற ஷட் ஆஃப் நாசில் வேற வாங்கி மாட்டினேன்.

மெட்டீரியல் விக்கறவங்களையும் வாங்கறவங்களையும் சேத்து விடற ஒரு ஆன்லைன் தளத்துல விசாரிச்சேன், அரை மணி நேரத்துல ஒருத்தன் கூப்பிட்டான். நல்ல தமிழ், "அண்ணா, உங்க நாசில் ஷட் ஆஃபா ஓப்பனா? பேக் பிரஷர் எவ்ளோ வைக்கறீங்க?"ன்னு கேட்டான் பாருங்க, அங்கதான் விழுந்தேன். தொழில் தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு மனசு சொல்லிடுச்சு. சாம்பிள் 1 கிலோ ஃப்ரீயா அனுப்பினான், வெளிர் மஞ்சள் குருணை, அடிச்சுப் பாத்தா 290 கிராம், குழியே இல்ல, அறுத்துப் பாத்தா உள்ள அழகா நுரை. மினிமம் 100 கிலோ, கிலோ 420, ஜிஎஸ்டியோட 49,560. தளத்து வழியா கட்டினா லேட்டாகும்ணா, நேரா அக்கவுன்ட்ல போட்டா லாரி வாடகை நான் பாத்துக்கறேன்னான். போட்டுட்டேன். மொத்தம் 49,560 ரூவா, அட்வான்ஸ்கூட இல்ல, முழுசா.

மூட்டை வந்துச்சு, குருணை வெள்ளை வெளேர்னு இருக்கு. கேட்டா "சாம்பிள் ஏடிசி, மஞ்சளாத்தான் இருக்கும், இது சோடா உப்பு டைப்ணா, அம்மோனியா நாத்தம் வராது, இன்னும் நல்லது"ன்னான். ஏடிசி, சோடா உப்பு ரெண்டும் கேஸ் விடற கெமிக்கல், சோடா உப்பு டைப் வெள்ளையா இருக்கும்ங்கறது உண்மைதான், அதனால நம்பித் தொலைச்சேன். ஓட்டினா ஷாட் பாதில நிக்குது, ஷாட்டை ஏத்தினா பழையபடி 340ம் குழியும். டெம்பரேச்சர் ஏத்துங்கன்னான், ஏத்தினேன். பேக் பிரஷர் பத்தலன்னான், வச்சேன். டோசிங் 4 பர்சென்ட் போடுங்கன்னான், அதையும் போட்டேன். ரெண்டு நாள், 600 பீஸ் வேஸ்ட். கடைசில பர்ஜ் பண்ணி, அதாவது அச்சு இல்லாம உருகினதை வெளிய தள்ளி, தரையில விட்டுப் பாத்தேன், கேஸ் இருந்தா அந்த உருண்டை புஸ்ஸுன்னு உப்பணும், இது களிமண்ணு மாதிரி அப்படியே கிடக்கு. நேத்து தெரிஞ்ச லேப்ல எரிச்சுப் பாத்தாங்க, பாதிக்கு மேல வெள்ளைச் சாம்பல். வெறும் சுண்ணாம்பு ஃபில்லர்ங்க, செலவைக் குறைக்க பிளாஸ்டிக்ல கலக்கற பொடி, அதோட விலை இதுல கால்வாசிகூட இருக்காது.

அவனுக்கு போன் பண்ணா "பிரிச்ச மூட்டை ரிட்டர்ன் கிடையாது"ன்னு வச்சுட்டான், அதுவரைக்கும் வாய்க்கு வாய் அண்ணான்னவன், அப்புறம் பிளாக். தளத்துக்கு மூணு தடவ பேசினேன், ஒவ்வொரு தடவையும் வேற ஆளு, முதல்லேர்ந்து கதை சொல்லணும், கடைசில ஒரு பொண்ணு "சார் பேமென்ட் எங்க வழியா வரல, நாங்க தொடர்பு மட்டும்தான் ஏற்படுத்தித் தர்றோம்"னு படிச்ச மாதிரி சொல்லிட்டு கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ். அவன் பேருக்குப் பக்கத்துல இன்னும் சரிபார்க்கப்பட்டவர்னு பச்சை டிக் இருக்கு. என் 49,560க்கு யாரும் பொறுப்பில்லையாம்.

சரி, வாங்கறவங்க பாத்துக்கங்க. வெளியில பணம் போடாதீங்க. சாம்பிள் குருணை ஒரு பிடி எடுத்து வைங்க, மூட்டை வந்ததும் கலர் ஒப்பிடுங்க. மிஷின்ல மோல்ட் கட்டறதுக்கு முன்னாடி பர்ஜ் விட்டு உப்புதான்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. லாட் நம்பர் இல்லாத மூட்டைய லாரில இருந்து இறக்காதீங்க. இன்னும் எழுதணும்னுதான் இருந்தேன், ஆர்டர் குடுத்த பார்ட்டி வாசல்ல வந்து நிக்கறாரு, என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.