திறக்காத கதவுகளும் கடற்சுவர்களும்: அண்மையில் வந்த இரண்டு மிகுபுனைவு நாவல்கள்

அண்மையில் வெளிவந்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களில் எதை முதலில் வாசிக்கலாம் என்று யார் கேட்டாலும், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலையே நான் சொல்லி வருகிறேன். 2023இல் வெளிவந்த இந்த முதல் நாவலுக்கு, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருது சிறந்த நாவல் பிரிவில் கிடைத்தது. தமிழ் வாசகர்களுக்கு இதை வற்புறுத்திப் பரிந்துரைக்க வேறு காரணமும் உண்டு. இதன் ஆழத்தில் ஓடும் பழங்கதை நமக்கு முன்பே தெரிந்த ஒன்று.

குழந்தை பிறந்த கணத்திலேயே தாய் அதன் நிழலைப் பெரிய பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுக்கிறாள். நிழலற்ற அந்தப் பிள்ளையைத் தரை பிடித்துவைப்பதில்லை. கவனம் தவறினால் மேலே மிதக்கத் தொடங்கிவிடுவான். மன்னிப்பே இல்லாத ஐந்து குற்றங்களைச் செய்யவும், முடிவில் தன் தந்தையைக் கொல்லவும் தாய் அவனைப் பழக்குகிறாள். குடும்பத்தை விட்டுச் சென்ற அந்தத் தந்தையோ கோடிக்கணக்கானோர் வணங்கும் மகான். மகனின் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. தாயின் பெயருக்குப் பொருள் 'புகழின் அன்னை'. புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்குத் தளை என்று பொருள் கூறும் மரபையும், புத்தரின் மனைவி யசோதரையின் பெயருக்குள் புகழ் என்ற சொல் இருப்பதையும் அறிந்த வாசகர் இந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிடுவார். கணவன் நள்ளிரவில் வெளியேறிய கதையைப் பள்ளிப் பாடமாகப் படித்த நமக்கு, பின்தங்கிய தாயும் மகனும் அதை எப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்ற கேள்வியை இந்நாவல் போல் முகத்துக்கு நேரே கேட்ட படைப்பு வேறொன்றை நான் வாசித்ததில்லை.

ஃபெட்டர் வளர்ந்து லூரியட் என்ற பெருநகரத்துக்கு வருகிறான். நீண்ட காலம் மூடியே கிடக்கும் கதவு ஒன்று அந்நகரத்தில் திடீரெனத் திறக்கவே முடியாத 'பளிச்சிடும் கதவு' ஆகிவிடலாம். மின்னஞ்சலும் கைப்பேசியும் உள்ள நகரம் அது. அவதாரங்களாக வளர்க்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுவும், இனத்தையும் சாதியையும் பதிந்து வகைப்படுத்தும் அலுவலகங்களும், நோய்த்தொற்றைக் காரணம் காட்டி மனிதர்களை அடைத்து வைக்கும் முகாம்களும், அடிக்கடி மூண்டெழும் இனவன்முறையும் அங்கே அன்றாட நடப்புகள். நிகழ்வது கற்பனை உலகில்தான் என்றாலும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்கும் பயத்தை அறிந்தவர்கள் அப்பக்கங்களை வேறுவிதமாகவே வாசிப்பார்கள். கொலைவெறிக் கும்பலை எங்கிருந்தோ வந்த இருளாகக் காட்டாமல், பட்டியல்களும் துறைகளும் விதிமுறைகளும் பொறுமையாகச் சேர்ந்து அதை உருவாக்குவதைச் சந்திரசேகர காட்டுகிறார். அண்மைக்கால மிகுபுனைவில் இவ்வளவு துணிவான எழுத்து அரிது.

குறையும் உண்டு. முகாம் பகுதி நீள்கிறது; அலைச்சலின் சலிப்பை வாசகரும் உணர வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கமாக இருக்கலாம், ஆனாலும் கதவுகளின் மர்மத்தைப் பின்தொடர்ந்து வந்தவருக்கு அங்கே பிடி தளரும். கதையைச் சொல்லிவந்தது யார் என்பது இறுதிப் பகுதியில் தெரியவரும் திருப்பம் சிலருக்கு அவசரமாகப் படலாம். அது தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிச் சென்ற எனக்கு அது மிகப் பொருத்தமாகவே இருந்தது. இவருடைய அடுத்த நாவலான 'ரேக்ஸ்ஃபால்' 2024இல் வந்தது. பிறவி பிறவியாகத் தாவும் அதன் வடிவம் கடினமானது என்பதால் அதை முதலில் கையிலெடுக்க வேண்டாம்.

கனத்த வாசிப்புக்கு இப்போது மனமில்லை, துப்பறியும் கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்கரான ராபர்ட் ஜாக்சன் பென்னெட் எழுதிய 'த டெய்ன்டட் கப்' உகந்தது. 2024இல் வெளிவந்து, 2025இல் இத்துறையின் மற்றொரு பெரிய விருதான ஹ்யூகோவைச் சிறந்த நாவல் பிரிவில் வென்றது. மழைக்காலந்தோறும் கடலிலிருந்து மலை போன்ற பேருயிர்கள் கரையேற முயல்கின்றன. அவற்றைத் தடுக்கும் சுவர்களை நம்பியே ஒரு பேரரசு உயிர்வாழ்கிறது. அந்தச் சுவர்களைப் பராமரிக்கும் பொறியாளர் படையின் அதிகாரி ஒருவர், செல்வக் குடும்பமொன்றின் மாளிகையில், உடலைப் பிளந்துகொண்டு செடி முளைத்த நிலையில் இறந்து கிடக்கிறார். விசாரிக்கும் அனா டொலாப்ரா வீட்டைவிட்டு அரிதாகவே வெளியேறுபவர். கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு சிந்திப்பவர். அவருக்காக இடங்களைப் பார்த்துவரும் உதவியாளன் டின், கண்டதும் கேட்டதும் மறக்காதபடி உடல் மாற்றியமைக்கப்பட்டவன். குப்பிகளில் உள்ள வாசனைகளை முகர்ந்து நினைவுகளை மீட்டு ஒப்பிப்பான்.

துப்புகளை ஒளித்துவைத்து ஏமாற்றாத நேர்மை இந்நாவலுக்கு உண்டு. விடை வெளிப்படும்போது அதற்குரிய சான்றுகள் எல்லாம் நம் கண்முன்னே கிடந்தவையே என்று புரியும். சுவரைக் காக்கும் கடைநிலை ஊழியர்களிடம் ஆசிரியர் காட்டும் மரியாதையும் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இங்கே ஒரு முறைகேடு நடந்தால் அதன் விலையைப் பேருயிரின் காலடியில் கிடக்கும் ஊர்கள்தான் கொடுக்கும். தொடக்கத்தில் பதவிப் பெயர்களும் புதுச்சொற்களும் சற்றே திணறடிக்கும். சில அத்தியாயங்கள் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். பேரரசின் விளிம்பில் ஒரு கருவூல அதிகாரி பூட்டிய அறையிலிருந்து மறைந்துபோவதில் தொடங்கும் இரண்டாம் பாகம், 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்', 2025இல் வெளியாகிவிட்டது. வழக்கு புதியது என்றாலும் அனாவும் டின்னும் யார் என்பது முதல் பாகத்தில்தான் நிலைநாட்டப்படுகிறது. ஆகவே வரிசை மாறாமல் வாசிப்பது நல்லது.