வழிகாட்டி சொன்னார், அபராதச் சீட்டு என் பெயரில் வந்தது

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீல்ஹெட் பிடிக்க, வழிகாட்டிக்குப் பணம் கட்டிப் படகேறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட் மீன்தான் ஸ்டீல்ஹெட். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்த மீனை, அதாவது பண்ணை மீனை, அனுமதியுள்ள ஆறுகளில் வைத்துக்கொள்ளலாம். ஆற்றிலேயே பிறந்ததை விட்டுவிட வேண்டும். அந்த மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்கழிப் பகுதி ஸ்டீல்ஹெட் 2007 முதல் மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது; விளையாட்டு விஷயமல்ல.

மூன்று மணி நேரம் தூறலில் நனைந்த பிறகு எனக்கு ஒன்று சிக்கியது. வழிகாட்டி முதுகுத் துடுப்பை விரலால் நீவி, "ஓரம் தேய்ந்திருக்கிறது பாருங்கள். சிமென்ட் தொட்டியில் வளர்ந்தது, பண்ணை மீன்தான்" என்றார். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நகமளவில் ஒரு சதை மடல் இருந்தது. முள்ளே இல்லாமல் காது மடல்போல மெத்தென்றிருந்தது. அதுதான் கொழுப்புத் துடுப்பு; பண்ணையில் அடையாளத்துக்காக வெட்டிவிடுவது. "இது இருக்கிறதே?" என்று கேட்டேன். "அரைகுறையாக வெட்டியிருப்பார்கள், வளர்ந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தடியால் மீனின் தலையில் ஒரு போடு போட்டுவிட்டார். நானும் மறுபேச்சில்லாமல் பிடிப்புப் பதிவு அட்டையில் எழுதினேன். இருபது வருடம் ஆற்றில் கிடந்தவரிடம் என்ன வாதாடுவது!

படகுத்துறையில் மீன்வள அலுவலர் நின்றிருந்தார். மீனைத் திருப்பி, அந்த மடலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "தழும்பு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

விதி கேட்பது அதைத்தான்: கொழுப்புத் துடுப்போ வயிற்றுத் துடுப்போ வெட்டப்பட்டு, அந்த இடத்தில் ஆறிய தழும்பு இருக்க வேண்டும். தேய்ந்த முதுகுத் துடுப்பு கணக்கில் வராது. ஆற்று மீனுக்கும் துடுப்பு தேயலாம். பண்ணையில் குஞ்சாக இருக்கும்போதே வெட்டிவிடுவதால், மீன் திரும்பி வரும் காலத்தில் அந்த இடத்தைத் தோல் மூடியிருக்கும். படகில் கத்தியால் சீவிவிட்டுப் பண்ணை மீன் என்று காட்டுகிறவர்களும் உண்டாம். இளஞ்சிவப்பாகத் தெரியும் பச்சைப் புண் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "பிடித்தது அவர், முடிவும் அவருடையது" என்றார். உரிமம் என்னுடையது, அட்டையில் இருப்பது என் கையெழுத்து. மீன் பறிமுதல், சீட்டு என் பெயரில். கட்டணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

ஆகவே மீன் வலைக்குள் தண்ணீரில் இருக்கும்போதே நீங்களே பாருங்கள். ஆற்று ஸ்டீல்ஹெட்டை முழுதாக வெளியே தூக்குவதே அங்கே குற்றம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பக்கவாட்டில் சாய்த்து, முதலில் அந்தச் சதை மடலைத் தேடுங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள், பாதி இருப்பதுபோல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். தடி யார் கையில் இருக்கிறது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். ஏரிகளில் விடப்படும் டிரவுட் பலவற்றுக்குத் துடுப்பு வெட்டுவதில்லை. அங்கே அந்தந்த ஏரியின் விதியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த வழிகாட்டியின் விளம்பரத்தில் நான் மீனோடு சிரித்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொழுப்புத் துடுப்பு முழுசாக, தெளிவாகத் தெரிகிறது.